பினாங்கின் 21 ஆண்டுகள்: லிம் சொங் இயூ ஆட்சியும் தமிழர் பக்கத்துக் கணக்கும்

706 வாக்குகள். 1990 அக்டோபர் பொதுத்தேர்தலில், 21 ஆண்டுகள் பினாங்கின் முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சொங் இயூ, பாடாங் கோத்தா சட்டமன்றத் தொகுதியில் ஜனநாயகச் செயல் கட்சியின் (ஜசெக) லிம் கிட் சியாங்கிடம் தோற்றது இவ்வளவு வாக்கு வித்தியாசத்தில்தான். வாக்களித்தவர்களில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் அவர் கொண்டுவந்த தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் தீவையும் பெருநிலத்தையும் இணைத்துப் பாலம் வந்திருந்தது. வேலை கொடுத்தவரை ஊர் ஏன் வீட்டுக்கு அனுப்பியது? தமிழ் வாசகர்களுக்கு 1967இல் விருதுநகரில் காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றது நினைவுக்கு வரலாம். ஆனால் பினாங்கின் கதைக்கு வேறு வேர் உண்டு.

லிம் சொங் இயூவைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நவீன பினாங்கின் சிற்பி அவரே என்பது முதல் வகை. அரசு விழாக்களிலும் பத்திரிகை அஞ்சலிகளிலும் ஒலிப்பது இதுதான். அவர் இல்லாவிட்டாலும் அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்கள் மலிவான கூலி தேடி இங்கே வந்திருக்கும், வழியைத் திறந்தது கோலாலம்பூர் என்பது இரண்டாம் வகை. மூன்றாவது, தொழிற்சங்கத்தாரும் மீனவர்களும் பயனீட்டாளர் அமைப்புகளும் சொன்னது: வளர்ச்சி வந்தது, அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லாருமே கதையை 1969இல் தொடங்குகிறார்கள். அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள 1959இல் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

1919 மே 28இல் ஜோர்ஜ்டவுனில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர் லிம். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, 1937இல் அரசி உதவித்தொகை பெற்று எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1944இல் மருத்துவப் பட்டம். போர் முடிந்தபின் சில காலம் சீனாவில் மருத்துவராக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். ஆங்கிலக் கல்வி, சீன மண்ணின் நேரடி அனுபவம், பினாங்கு வணிகக் குடும்பங்களோடு உறவு என்ற மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தது அன்றைய அரசியலில் பெரிய பலம்.

மலாயாவில் தேர்தல் அரசியல் ஜோர்ஜ்டவுனில்தான் முளைத்தது. 1951 டிசம்பரில் நடந்த நகராண்மைத் தேர்தலில், லிம்மின் ரேடிக்கல் கட்சி 9 இடங்களில் 6ஐக் கைப்பற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் நகரின் மனம் தொழிலாளர் கட்சிப் பக்கம் திரும்பியது. 1957 ஜனவரி 1இல் ஜோர்ஜ்டவுன் மாநகரமானபோது முதல் மேயராக அமர்ந்தவர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ். இராமநாதன். ஸ்காட் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு நகரம், சுதந்திரத்துக்கு முன்பே ஓர் இந்தியரைத் தன் தலைமகனாக ஏற்றது. இந்தச் செய்தியை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை.

இதற்கிடையில் லிம் மலாயா சீனர் சங்கத்தில், அதாவது மசீசவில், சேர்ந்து வேகமாக மேலேறினார். 1958இல் கட்சியை நிறுவிய டான் செங் லொக்கையே தோற்கடித்துத் தலைவரானார். மறு ஆண்டு பொதுத்தேர்தல். மொத்தம் 104 நாடாளுமன்றத் தொகுதிகள். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அது தங்கள் சம்மதமின்றி நடக்கக் கூடாது என்று லிம் நினைத்தார். 40 தொகுதிகள் கேட்டார், சீனக் கல்விக்கு உறுதிமொழி கேட்டார். கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மானுக்கு அவர் எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வெளியானதும் துங்கு சினந்தார். கூட்டணியின் இறுதிப் பங்கீட்டில் மலாய்க் கட்சியான அம்னோவுக்கு 69, மசீசவுக்கு 31, இந்தியர் கட்சியான மஇகாவுக்கு 4. மசீச வேட்பாளர்களைத் துங்குவே தேர்ந்தெடுத்தார். சரணடைய நேர்ந்த லிம், சிறிது காலத்தில் தலைமையையும் பின்பு கட்சியையும் விட்டார்.

கோலாலம்பூரோடு நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்பதை 40 வயதில் அவர் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் எடுத்த ஒவ்வொரு பெரிய முடிவிலும் இந்தப் பாடத்தின் தடம் தெரிகிறது.

1962இல் ஐக்கிய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1964இல் அதற்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்ற இடம் அவருடைய தஞ்சோங் தொகுதிதான். பிறகு 1968 மார்ச்சில், அவரும் சேர்ந்து தொடங்கிய கெராக்கான் கட்சி பிறந்தது. அதன் தொடக்க முகங்களைப் பாருங்கள்: பேராசிரியர் சையட் ஹுசேன் அலாத்தாஸ், டாக்டர் டான் சீ கூன், வரலாற்றாசிரியர் வாங் கங்வு, தொழிற்சங்கவாதி வி. டேவிட், வி. வீரப்பன். மலாய் அறிஞர், சீன மருத்துவர்கள், தமிழ்த் தொழிலாளர் தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்த கட்சி அது. இன அடிப்படையில் கட்சி நடத்துவதே நடைமுறையாக இருந்த நாட்டில், பினாங்குத் தமிழ்த் தொழிலாளி நம்பிப் பார்க்கத்தக்க மாற்றாக அது தெரிந்தது.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் கடும் வறுமை இருந்தது. பிரான்சிஸ் லைட் காலத்திலிருந்து பினாங்கு தீர்வையற்ற துறைமுகம். சூலியா தெருவின் தமிழ் முஸ்லிம் வணிகர், பீச் ஸ்திரீட் சீனக் கிடங்குக்காரர், கப்பலில் மூட்டை தூக்கிய தமிழ்க் கூலி என எல்லாருடைய பிழைப்பும் அந்த ஒரு சலுகையில் தொங்கியது. கூட்டரசு அரசாங்கம் அதைப் படிப்படியாகக் குறைத்து 1969இல் அடியோடு நீக்கியது. அதற்கு முன்பே, 1967 நவம்பரில் பழைய நாணயத்தின் மதிப்பை 15 விழுக்காடு குறைத்ததை எதிர்த்துத் தொழிலாளர் கட்சி அழைத்த கடையடைப்பு பினாங்கில் தொடங்கிக் கலவரமாகி உயிர்களைப் பலிகொண்டது. சில்லறைக் காசைச் சேர்த்து வைத்திருந்த ஏழைக்குத்தான் அந்த 15 விழுக்காடு அதிகம் வலித்தது. அப்போது மாநில மக்கள்தொகை 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வேலை தேடி நின்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர்.

1969 மே தேர்தலில் மொத்தம் 24 சட்டமன்ற இடங்களில் கெராக்கான் 16ஐ வென்றது. அதுவரை ஆண்ட வோங் பாவ் நீயின் கூட்டணிக்குக் கிடைத்தது 4 இடம். லிம் முதலமைச்சரானார். அடுத்த நாட்களில் கோலாலம்பூரில் மே 13 கலவரம் வெடித்தது; நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. பினாங்கு பெரிய உயிர்ச்சேதமின்றித் தப்பியது. எதிர்க்கட்சி முதலமைச்சர் என்ற நிலையில் அவரை நீக்கக் காரணம் தேடியிருந்தால் அந்த நாட்களில் எளிதாகக் கிடைத்திருக்கும். அவர் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கோடு பேசினார், ஒத்துழைத்தார், பிழைத்தார்.

அந்த ஒத்துழைப்பே கட்சியைப் பிளந்தது. 1971இல் அலாத்தாஸ், டான் சீ கூன் முதலானோர் வெளியேறினார்கள். வி. டேவிட்டும் கெராக்கானை விட்டார். பிற்காலத்தில் ஜசெகவில் சேர்ந்து, 1987இல் லாலாங் நடவடிக்கையில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களில் ஒருவரானார். சட்டமன்றத்தில் லிம்மின் பெரும்பான்மை ஆட்டம் கண்டது. 1972 பிப்ரவரியில் அவர் கூட்டணிக் கட்சியோடு கூட்டாட்சி அமைத்தார். 1974இல் கெராக்கான், கூட்டணி விரிந்து உருவான தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சி. எதிர்ப்பு வாக்குகளால் வந்த அரசு, எதிர்க்கப்பட்டவர்களோடே கலந்துவிட்டது. துரோகம் என்றவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1959இல் பட்டவருக்கு அது அனுபவம் கற்றுக் கொடுத்த பாடம். எனக்கு இதில் வருத்தம் தருவது கூட்டணி சேர்ந்தது இல்லை; கட்சியிலிருந்த தொழிலாளர் தலைவர்கள் போன பிறகு தொழில்மயம் தொடங்கியது என்பதுதான். காலவரிசை அப்படி அமைந்துவிட்டது, அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

1969 இறுதியில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் பொதுமேலாளர் சேத் சிங். 1970இல் ராபர்ட் நேதன் நிறுவனத்தின் அறிக்கை, உள்நாட்டுச் சந்தையை நம்பாமல் ஏற்றுமதித் தொழிலையும் சுற்றுலாவையும் நம்பச் சொன்னது. 1971இல் தடையற்ற வணிக மண்டலச் சட்டம் வந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் மண்டலம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நெல் விளைந்த நிலம் அது. சில்லுகள் எடை குறைந்தவை, விலை கூடியவை. அவை விமானத்தில் பறந்துவிடும். துறைமுகம் போன ஊருக்கு விமான நிலையம் வாழ்வு கொடுத்தது. நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரானிக்ஸ் ஆகிய முதல் எட்டு நிறுவனங்களையும் பினாங்கில் இன்றும் எட்டு சாமுராய்கள் என்று சேர்த்துச் சொல்வார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் ஆலை போட்டது இங்கேதான்.

இதில் லிம்முக்கு எவ்வளவு பங்கு? மாக் மண்டினில் முதல் தொழிற்பேட்டை வோங் பாவ் நீ காலத்திலேயே தொடங்கிவிட்டது. வரிவிலக்கு கொடுத்தது கூட்டரசு. கூலி ஏறியதால் அமெரிக்க நிறுவனங்கள் ஆசியா பக்கம் திரும்பியது உலகப் போக்கு. இவற்றில் கடைசி இரண்டும் மலாக்காவுக்கும் ஜொகூருக்கும்கூடப் பொதுவாக இருந்தவைதாம். பினாங்கு மட்டும் முந்திக்கொண்டதற்குக் காரணம், முதலமைச்சரும் மேம்பாட்டுக் கழகமும் நிறுவனங்களின் வாசலுக்கே போய்ப் பேசியதும், நிலம், தண்ணீர், மின்சாரம், அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துக் கொடுத்ததும். கோலாலம்பூர் கையெழுத்து தாமதமாகாமல் வந்ததற்கு 1972 கூட்டாட்சியே காரணம். ஆகவே முதல் வகையினர் அவருக்குத் தரும் புகழில் பெரும்பகுதி நியாயமானது என்பேன். வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஆலைகள் எப்படியோ வந்திருக்கலாம். ஆனால் அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள், அந்த வேகத்தில் வந்திருக்காது. அந்த வேகம்தான் ஒரு தலைமுறையின் பட்டினியைத் தடுத்தது.

இனி தமிழர் பக்கம். பாயான் லெப்பாஸ் ஆலைகள் எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய்க் கிராமங்களிலிருந்து வந்தவர்களே அதிகம். செபராங் பிறையின் ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்களும் போனார்கள். பிறை தொழிற்பேட்டை வளர்ந்தபின் இன்னும் அதிகமாகப் போனார்கள். நுண்ணோக்கியில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. மூன்று ஷிப்ட். கம்பெனி பஸ் விடியற்காலையில் தோட்ட முனையில் வந்து நிற்கும். கண் எரிச்சல், தலைவலி, இரசாயன நெடி எல்லாம் அந்த வேலையோடு வந்தவை.

ஆனாலும் அந்தச் சம்பளம் செய்ததை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. பால்மரம் வெட்டிய தாய்க்குக் கங்காணி முன் குரல் எழும்பாது. மகளுக்கு மாதச் சம்பளம், சேமநிதி, மேலதிக நேரக் கூலி. தம்பி தங்கையின் படிப்பு அந்தப் பணத்தில் ஓடியது. திருமணத்தைத் தள்ளிப்போடும் துணிவு சில பெண்களுக்கு முதன்முறையாக வந்தது. தோட்டத் தமிழர் வாழ்வில் பெண்ணின் கையில் தனியாகக் காசு புழங்கிய முதல் பெரிய மாற்றம் இதுவே என்று நினைக்கிறேன். பினாங்கு வரலாற்று நூல்கள் நிறுவனங்களின் பெயரைப் பட்டியலிடுகின்றன. இந்தப் பெண்களைப் பற்றி அவற்றில் ஓரிரு வரிக்கு மேல் இல்லை.

விலையும் அவர்களே கொடுத்தார்கள். மின்னணுத் துறையில் தொழிற்சங்கம் அமைக்க 1988 வரை இடமே இல்லை. அப்போதும் அந்தந்த ஆலைக்குள் மட்டும் சங்கம் வைக்கலாம் என்றுதான் அரசு தளர்த்தியது. இது கூட்டரசின் கொள்கை, மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் போக்குவரத்துத் தொழிலாளர்களை அணி திரட்டிய டேவிட் போன்றோர் ஆளும் கட்சிக்குள் இருந்திருந்தால் அந்தக் கேள்வி பினாங்கு அரசின் மேசை மீதாவது விழுந்திருக்கும். சங்கம் இல்லாத அமைதியான தொழிலாளி என்பது முதலீட்டாளருக்குக் காட்டிய கவர்ச்சிகளில் ஒன்று. ஏற்றுமதி இறங்கும் ஆண்டுகளில் முதலில் வீட்டுக்குப் போனவர்களும் அவர்கள்தாம்.

தோட்டம் துண்டாடப்பட்டதும், பிறகு தொழிற்பேட்டைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியதும் தனிக்கதை. ஆலையில் மகளுக்கு வேலை கிடைத்த அதே காலத்தில், லயத்து வீட்டையும் கோயிலையும் தோட்டப் பள்ளியையும் இழந்த குடும்பங்கள் உண்டு. சம்பளம் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. பினாங்கில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் நிலப் பிரச்சினையைப் பேசும்போதெல்லாம் அந்தப் பழைய தோட்ட வரைபடம் எழுந்து வருகிறது.

சுற்றுச்சூழல் பற்றிக் குரல் எழுப்பியவர்களில் முதலிடம் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கு. தமிழ்நாட்டில் பிறந்து ஜோர்ஜ்டவுனில் வணிகம் செய்த எஸ்.எம். முகமது இதிரிஸ் அதன் தலைவராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தார். பிறை ஆலைகளின் கழிவால் ஜூரு ஆற்றில் மீன் செத்தபோது, குவாலா ஜூரு மீனவர்களோடு நின்றது அந்தச் சங்கம். வளர்ச்சி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதன் கழிவு யார் வாசலில் கொட்டப்படுகிறது என்று கேட்டார். லிம் காலத்துப் பினாங்கை எடைபோடும் எவரும் முதலமைச்சரின் கோப்புகளோடு இதிரிஸின் கோப்புகளையும் படிக்க வேண்டும்.

நகரத்தின் குரல் பற்றி ஒரு சொல். உள்ளாட்சித் தேர்தல்களை 1965இல் கூட்டரசு நிறுத்திவைத்தது. மறு ஆண்டு ஜோர்ஜ்டவுன் மாநகர மன்றத்தின் அதிகாரம் முதலமைச்சரிடம் போனது. லிம் பதவிக்கு வந்தபோது அதைத் திருப்பிக் கேட்கும் தார்மீக உரிமை அவரைவிட வேறு யாருக்கு இருந்தது? 1951 தேர்தலில் வளர்ந்தவர் அவர். கேட்கவில்லை. எழுபதுகளில் மாநகர மன்றம் தீவு முழுவதற்குமான நியமன மன்றத்தில் கரைந்தது. இராமநாதன் அமர்ந்த இடத்துக்கு மக்கள் வாக்கால் இன்னொருவர் வரும் வழி அடைபட்டது. 2012இல் பினாங்கு சட்டமன்றம் அதைத் திறக்கச் சட்டம் இயற்றியும், 2014இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருடைய ஆட்சிக் கணக்கில் மிகப் பெரிய பற்று என்று நான் இதையே எழுதுவேன்.

கொம்தாரும் பாலமும் எல்லாருக்கும் தெரிந்தவை. 1974 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டி 1986இல் முடிந்த 65 மாடிக் கோபுரத்துக்காக, பிராங்கின் ஓடையை ஒட்டிய பழைய தெருக்கள் சில மறைந்தன. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் டத்தோ சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக இருந்தபோது முடிந்தது. அதுவரை படகுத்துறையில் காத்துக் கிடந்த பட்டர்வொர்த் தமிழருக்கு அது பெரிய விடுதலை.

எனில் 1990 ஏன்? எண்பதுகளின் நடுவில் வந்த பொருளாதாரச் சரிவு ஒரு காரணம். 21 ஆண்டு ஒரே முகம் என்ற சலிப்பு இன்னொன்று. பினாங்கு மலையில் பெரிய உல்லாசத் திட்டம் ஒன்று எழுந்து நகரத்தவரின் எதிர்ப்பைச் சம்பாதித்தது. எல்லாவற்றுக்கும் அடியில், கோலாலம்பூரை மறுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும் என்ற ஏக்கம். சட்டமன்றத்தின் 33 இடங்களில் ஜசெக 1986இல் 10ஐயும், 1990இல் 14ஐயும் பிடித்தது. அந்தத் தேர்தலில் அம்னோவுக்கு 12, கெராக்கானுக்கு 7. சிறிய கட்சியான கெராக்கானின் கோ சூ கூன் முதலமைச்சரானார். 1972இல் தன் நாற்காலியைக் காக்க லிம் செய்த பேரம், அவருக்குப் பின் வந்தவர் காலத்தில் பெரிய பங்காளியின் தயவில் நிற்கும் ஆட்சியாகச் சுருங்கியது. 2008இல் அது சரிந்தபோது, பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் கோ சூ கூனை வென்றவர் பேராசிரியர் பி. இராமசாமி. அவர் மாநிலத்தின் இரண்டாவது துணை முதலமைச்சரானார். 2023 வரை அப்பதவியில் இருந்தார். கெராக்கான் தொடங்கிய நாளில் பினாங்குத் தமிழர் எதிர்பார்த்த இடம், கெராக்கான் வீழ்ந்த பிறகே கிடைத்தது.

துன் டாக்டர் லிம் சொங் இயூ 2010 நவம்பர் 24இல் தம் 91ஆம் வயதில் காலமானார். தீவின் கிழக்குக் கரையோர விரைவுச்சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஊருக்குச் சோறு போட்ட தலைவர் என்ற பெயரை அவர் நேர்மையாகச் சம்பாதித்தார். ஊருக்குக் குரல் கொடுத்தவர் என்ற பெயருக்கு, இளமையில் தகுதி இருந்தும், பதவியில் இருந்த காலத்தில் அவர் முயலவில்லை.

கடைசியாக, பினாங்குத் தமிழ் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுபதுகளில் பாயான் லெப்பாஸுக்கும் பிறைக்கும் வேலைக்குப் போன பெண்கள் இன்று எழுபது வயதை நெருங்கிவிட்டார்கள். அவர்கள் நம் வீடுகளில் பாட்டிகளாக இருக்கிறார்கள். சம்பளச் சீட்டு, கம்பெனி அடையாள அட்டை, ஷிப்ட் உடையில் எடுத்த படம் ஏதாவது பெட்டிக்குள் இருக்கும். உட்கார்ந்து கேளுங்கள், தமிழிலேயே பதிவு செய்யுங்கள், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக நூலகத்திலோ ஊர்ச் சங்கத்திலோ ஒரு பிரதியைச் சேர்த்து வையுங்கள். முதலமைச்சரின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. அவர்களுடையது இன்னும் எழுதப்படவில்லை.